அண்ணனுக்குக் குளிரக்கூடாது

அலாரம் அலறியது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டயாலிசிஸ் நிலையத்தில் அது சாதாரணம். வரிசையாக நிற்கும் இயந்திரங்களில் ஏதாவது ஒன்று கத்திக்கொண்டேதான் இருக்கும். குழாய் மடங்கினால் கத்தும். நோயாளி இருமினால் கத்தும். சில நேரம் காரணமே இல்லாமல் கத்தும். புதிதாக வருகிறவர்கள்தான் பதறி எழுவார்கள். நான் வருடக்கணக்காக அண்ணனோடு போய் வந்தவள். எனக்கு அது பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவதுபோல.

அன்று கத்தியது என் அண்ணன் செபாஸ்டியனின் இயந்திரம். குளிர் தாங்காமல், ஊசி குத்தியிருந்த கையை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். ஆண் தாதி இர்வான் வந்து பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினான்.

இர்வான் மலாய்க்காரன். பாகான் டாலாமில் தமிழர்களோடு வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான். மரியாதைச் சொற்கள் மட்டும் அவனுக்கு வராது. எல்லோருமே அவனுக்கு ‘நீ’தான்.

“அண்ணே, நீ கை மடக்காதே லா. எத்தனை தடவை சொல்றது?”

“குளிருதுடா. ஐஸ் பெட்டியில மீன் போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கீங்க. ஏர்கோன கொறையேன்.”

“கொறைச்சா மெஷினுக்குச் சூடு ஏறும். மெஷின் மண்டையப் போட்டா நீயும் மண்டையப் போடுவே.”

பக்கத்துச் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த நோயாளி மீரா சாகிப் சிரித்தார். “கேட்டியா செபா? மரியாதை எல்லாம் மெஷினுக்குத்தான். நாமெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ்.”

இர்வான் அண்ணன்மேல் கிடந்த வெள்ளைத் துணியை விலக்கி, அந்தக் கையை எடுத்து வெளியே நீட்டி வைத்தான். பிறகு என்னிடம் சொன்னான். “அக்கா, நீ பாரு. ஊசி இருக்கிற கை எப்பவும் வெளியேதான் இருக்கணும். மேல எதையும் போடாதே. ஊசி நழுவினா ரத்தம் வெளியே போயிடும். சில நேரம் மெஷினுக்கே தெரியாது. கண்ணால பார்த்தாத்தான் தெரியும்.”

இதை அவன் எல்லோரிடமும்தான் சொல்வான். என்னிடமும் பலமுறை சொல்லியிருக்கிறான். அன்று முதல்முறையாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே கம்பளி நூல் வாங்கினேன். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது உங்கள் வேலை, இன்ஸ்பெக்டர். நான் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்றார்கள். நல்லது. மலாய் மொழியில் என்றால் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுவேன். தமிழில்தான் சரியாகச் சொல்ல வரும்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அண்ணி அமலம்மாள் இறந்தபோது அவர்களுடைய மகள் கிறிஸ்டல் பாலர் பள்ளியில் இருந்தாள். “கொஞ்ச நாளைக்கு வந்து பார்த்துக்க, பிரிஸி” என்றார் அண்ணன். ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு டத்தோ கிராமாட்டில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. கிறிஸ்டலுக்குச் சடை பின்னினேன். பள்ளிக்கூட வேன் வரும்வரை வாசலில் நின்றேன். அவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் வருடிக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருந்தேன். பெற்றவள் நான் இல்லை. மற்றதெல்லாம் நான்தான்.

பிறகு அண்ணனுக்குச் சர்க்கரை முற்றியது. சிறுநீரகம் போனது. கண்ணும் பாதி போனது. கண் சரியாகத் தெரியாததால்தான் டயாலிசிஸ் நடக்கும்போது என்னை உள்ளே உட்கார அனுமதித்தார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் வெளியே காத்திருப்பார்கள்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். அவருக்கு ஆகாத பொட்டாசியம் போவதற்காகக் கீரையை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்துக் கொட்டி, பிறகு சமைக்க வேண்டும். உருளைக்கிழங்கையும் அப்படியே. குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும். அளவு முடிந்த பிறகு அவர் கேட்பார். இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் திட்டுவார். கேட்டுக்கொள்ள வேண்டும். குளியலறைக் குழாயில் வாயை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் அவர் பிணம்போல் கிடப்பார். மறுநாள் கொஞ்சம் தெளிவார். அதற்கடுத்த நாள் மறுபடியும் கிளம்ப வேண்டும்.

களைப்பாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஆனால் களைப்பு ஒரு காரணம் ஆகாது. களைப்பு எல்லோருக்கும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று பாருங்கள். தூங்காத முகங்கள் நூறு தெரியும். அவர்களெல்லாம் யாரையாவது என்னவாவது செய்துவிட்டார்களா?

என் காரணம் கிறிஸ்டல்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள். “அப்பா, நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன். என்னோட ஒரு கிட்னிய உங்களுக்குத் தரேன்.”

அண்ணன் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். ஒரு பேச்சுக்காவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே, “எப்ப?” என்று கேட்டார். இன்னொரு அப்பளம் வைக்கட்டுமா என்றால் தலையசைப்பாரே, அப்படித்தான் இருந்தது.

மறுநாளே நிலையம் முழுக்கச் சொல்லிவிட்டார். “என் மக கிட்னி தருது. இனிமே இந்த நாற்காலிய வேற எவனுக்காவது கொடுங்க. நான் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போய் ஒரு முழு இளநீ குடிக்கப் போறேன்.” எல்லோரும் கைதட்டினார்கள். மீரா சாகிப் மட்டும், “ஒரு இளநீக்காகவா பிள்ளைய அறுக்கப் போறே?” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அண்ணனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வயிற்றைக் கிழிப்பார்கள். இருபத்தேழு வயதுப் பெண். டேரில் என்ற நல்ல பையனோடு நிச்சயம் ஆகியிருக்கிறது. நாளை அவள் பிள்ளை பெற வேண்டும். நான் வேப்பிலையால் வருடிய உடம்பு அது. அதில் ஒரு துண்டை அள்ளி, குளியலறைக் குழாயில் வாயை வைக்கிற மனிதருக்குள் வைத்துத் தைப்பார்கள். அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. நான் செய்ததற்கெல்லாம் காரணம் இது ஒன்றுதான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

போர்வைக்கு வருகிறேன்.

கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கைவேலைச் சாமான்கள் விற்கிறார்கள். கடையில் இருந்த சீனப் பெண்ணிடம், எனக்குப் பின்னத் தெரியாது, சுலபமாக ஏதாவது வேண்டும் என்றேன். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு நூலைக் காட்டினாள். வெல்வெட்போல் மெத்தென்று இருந்தது. இதற்குப் பின்னல் ஊசியே வேண்டாம், ஆன்ட்டி, வெறும் கையால் பின்னலாம், முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதுதான் சரி என்றாள். வெளிர்நீலத்தை எடுத்துக் கொடுத்தாள். நான் மரூனைக் கேட்டேன். அழுக்குத் தெரியாது என்றேன். உண்மைதானே?

முறையைக் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்துக் கற்றேன். முதலில் ஒரு சுருக்கு. அதற்குள் விரலை விட்டு நூலை இழுத்தால் ஒரு வளையம். அதற்குள் இன்னொன்று. இப்படியே ஒரு சங்கிலி. பிறகு சங்கிலியைத் தரையில் நீளமாகக் கிடத்தி, ஒவ்வொரு வளையத்திலிருந்தும் ஒரு புது வளையத்தை மேலே இழுக்க வேண்டும். வரிசை முடிந்ததும் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் என் விரல்கள் கீரை ஆய்ந்தவை. ஒரு வளையம் பெரிதாக வரும், அடுத்தது இறுகிப்போகும். கழுத்து வலிக்கும். சாய்ந்து படுத்தால் அங்கேயே தூங்கிப்போவேன்.

கொஞ்சம் பின்னியதை நிலையத்துக்கு எடுத்துப் போனேன். மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகலாகவும் இருந்தது. மீரா சாகிப்பின் மனைவி ஹபீபா பீவி நன்றாகப் பின்னக்கூடியவர். வெளியே உட்கார்ந்திருந்தவர் அதைத் தூக்கிப் பிடித்து, வாய்விட்டுச் சிரித்தார்.

“என்னா பிரிஸில்லா இது? ஓரத்துக் கண்ணிய விட்டுட்டே. ஒவ்வொரு வரிசையிலயும் ஒண்ணு விட்டா இப்படித்தான். அண்ணனுக்குக் கோவணமா பின்றே?”

“எது அக்கா ஓரத்துக் கண்ணி?”

“இந்தா, திரும்புற எடத்துல ஒளிஞ்சிட்டு இருக்கு பாரு. இதத்தான் புதுசா பின்றவங்க எல்லாரும் விடுவாங்க. பிரி. எல்லாத்தையும் பிரி.”

ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். பல நாள் வேலை அப்படியே நூலாக ஓடி மடியில் விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு சுலபமாக ஒன்றை இல்லாமல் ஆக்க முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

மறுபடி தொடங்கினேன். இந்த முறை அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்தே பின்னினேன். நான் கண்ணி, கண்ணி என்று முணுமுணுப்பதைக் கேட்டு மீரா சாகிப் கேலி செய்தார். “கண்ணி போட்டு யாரப் பிடிக்கப் போறே தங்கச்சி? கொக்கா, காடையா?”

“உங்க மச்சானைத்தான் நாநா” என்றேன். அவரை நான் அண்ணன் முறையில் நாநா என்பேன்; அவர் அண்ணனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து கத்தின. இர்வான் வந்து மூன்று பேரையும் திட்டினான்.

ஹபீபா பீவிக்குக் கூர்மையான கண். “ஏன் ஒரு பக்கம் நெருக்கமா இருக்கு, மறுபக்கம் வலை மாதிரி இருக்கு?” என்று கேட்டார்.

“கை இன்னும் வரல அக்கா. பழகிட்டு இருக்கேன்.”

“பழகப் பழக வந்துடும்” என்று தோளில் தட்டினார்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. நெருக்கமாகப் போட்டால் தெரியாமல் போட்டாள். கனமாக வந்தால் தெரியாமல் வந்தது. அண்ணனுக்கு ஊசி குத்தும் இடது கை வரும் பக்கத்தில் மட்டும் நூலை இரட்டையாக எடுத்துப் பின்னினேன். அதற்கும் சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் செய்த எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. அப்படிப் பார்த்தும், ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் வீட்டில் பாதிப் போர்வையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தேநீரைக் கொட்டிவிட்டார். துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தரையில் ஒரு சொட்டு இல்லை. அவர் கைலியிலும் இல்லை. அவ்வளவையும் நூல் குடித்துவிட்டிருந்தது. மேலே பார்த்தால் மரூன் கொஞ்சம் ஆழ்ந்த மரூன் ஆகியிருந்தது, அவ்வளவுதான். “பரவாயில்லையே, நல்ல நூலா பார்த்துத்தான் வாங்கியிருக்கே” என்றார் அண்ணன்.

இதற்கிடையில் அவர் தினமும் மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். “என்னா ஆச்சு, டாக்டர் தேதி கொடுத்தாரா?”

கிறிஸ்டல் பதில் சொல்ல மாட்டாள். என்னைப் பார்ப்பாள். என்னைக் காப்பாற்றுங்கள் என்பதுபோல் இருக்கும் அந்தப் பார்வை. நான்தான் குறுக்கிட்டுப் பதில் சொல்வேன். “பெரிய ஆஸ்பத்திரி வேலைண்ணே. மெதுவாத்தான் நடக்கும். பிள்ளையப் போட்டு நச்சரிக்காதீங்க.” அவள் எழுந்து அறைக்குள் போய்விடுவாள். அவள் பயத்தை வாயால் சொல்லத் தேவையில்லை. வளர்த்தவளுக்குப் புரியாதா?

போர்வை முடிந்தது. கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் அண்ணனின் கழுத்திலிருந்து கால்வரை வந்தது. முதல்நாள் போர்த்திவிட்டதும் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். இர்வானும் தொட்டுப் பார்த்து, “நல்லா இருக்கு அக்கா, எனக்கும் ஒண்ணு பின்னு” என்றான். பிறகு, அவன் வேலையை அவன் செய்தான். கைப்பக்கத்தை எடுத்து மடித்து அண்ணனின் வயிற்றில் வைத்துவிட்டான். மறுமுறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே. அவன் நல்ல தாதி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும், போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு ஃபாதரிடம் போனேன். வீட்டுச் சாவி, புதுக் கார், குழந்தைக்கு வாங்கிய சங்கிலி என்று எதையாவது மந்திரித்துக்கொள்ள எப்போதும் சிலர் நிற்பார்கள். நானும் நின்றேன்.

“யாருக்கும்மா இது?” என்று கேட்டார்.

“அண்ணனுக்கு, ஃபாதர். ரத்தம் சுத்தம் பண்ணும்போது ரொம்பக் குளிருதாம்.”

“நீங்களே பின்னினதா? ஆண்டவர் உங்க கைய ஆசீர்வதிக்கட்டும்” என்று சொல்லி, செபித்து, தீர்த்தம் தெளித்தார். என் கையிலும் சில துளிகள் விழுந்தன. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று நானும் நினைக்கவில்லை.

அடுத்த முறை இர்வான் போர்வையைத் தொட்டதும் அண்ணன் கத்தினார். “டேய், டேய், விடு. அது மந்திரிச்சது. சும்மா சும்மா எடுத்து மடிக்காத.”

இர்வான் கையை இழுத்துக்கொண்டான். என்னிடம் மெதுவாகக் கேட்டான். “எங்க பக்கம் ஓதின தண்ணி இருக்குல்ல, அது மாதிரியா அக்கா?”

“அது மாதிரிதான் தம்பி.”

“அப்ப சோரி அண்ணே, சோரி.” அவன் குழம்பி நின்றான். ஒருவர் சாமிக்கு முன்னால் வைத்து எடுத்து வந்ததைத் தள்ளிப் போட அவனுக்கு மனம் வரவில்லை. அவனை வளர்த்தவர்கள் அப்படி வளர்த்திருக்கிறார்கள். வேறு யாராவது இருந்திருந்தால் எடுத்து மூலையில் போட்டிருப்பார்கள். கடைசியில் சொன்னான். “சரி, நீதான் பக்கத்துல இருக்கியே. நீ உள்ளே கை பாரு அக்கா. நான் வரும்போது தூக்கிக் காட்டு. ஓகே லா?”

“ஓகே தம்பி” என்றேன்.

அன்றிலிருந்து அவன் வரும்போதெல்லாம் தூக்கிக் காட்டினேன். ஒரு முறைகூடத் தவறவில்லை. போகப்போக அவன் கிட்டே வராமல் தூரத்திலிருந்தே கேட்கத் தொடங்கினான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் போதும் என்று ஆனது. அவனுக்கும் வேலை அதிகம். அவனுக்கும் களைப்பு.

அந்த நாளைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்வதற்கு அதிகம் இல்லை.

காலையிலிருந்து பிளாஸ்திரி அரிக்கிறது என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் வரிசையில் கார்த்திகேசு என்ற பெரியவருக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தப்பியது. தாதிகள் எல்லோரும் அங்கே ஓடினார்கள். இர்வான் அவர் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். மீரா சாகிப் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் போர்வைக்குள் கையை விட்டு, அரிக்கும் இடத்தைச் சரிசெய்தேன்.

சரி. நீங்கள் அப்படி எழுத மாட்டீர்கள். ஊசியை எடுத்தேன். ரத்தத்தைத் திருப்பி உடம்புக்குள் அனுப்புகிற ஊசியை. பிறகு போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

அலாரம் அடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் இர்வான் வந்திருப்பான். நானும், ஐயோ நழுவிவிட்டதே என்று சொல்லியிருப்பேன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். எப்போது பார்த்தாலும் காரணமே இல்லாமல் கத்துகிற இயந்திரம் அன்று பேசாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் என் பக்கம் திரும்பினார். “இப்பத்தான் பிரிஸி, கதகதன்னு நல்லா இருக்கு” என்றார்.

“தூங்குங்கண்ணே” என்றேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இர்வான் கூப்பிட்டான். “அக்கா, அண்ணே கை ஓகே?” நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

போர்வையில் ஒரு நூல் நுனி துருத்திக்கொண்டிருந்தது. அதை உள்ளே செருகினேன். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், “குளிருது” என்றார். உதடு மட்டும் அசைந்தது. என்னிடம் வேறு போர்வை இல்லை. அவர் காலைத் தேய்த்துவிட்டேன். அதுவரை எத்தனையோ முறை தேய்த்துவிட்ட கால்தானே. பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. நான் நாற்காலியில் சாய்ந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண்ணயர்ந்துவிட்டேன். அப்படி ஒரு தூக்கம் எனக்கு வருடக்கணக்கில் வந்ததில்லை.

அலாரம் அடித்தபோது இர்வான்தான் ஓடி வந்தான். போர்வையை ஒரு கையால் இழுத்தான், அது வரவில்லை. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊசி நழுவியது, தாதி கவனிக்கவில்லை என்று முடிவு செய்தார்கள். நானும் பேசாமல் இருந்தேன். இறந்த வீட்டுக்கு இர்வான் வந்தான். சவப்பெட்டியின் பக்கத்தில் போகத் துணியாமல் வாசலிலேயே நின்றான். “நான்தான் வந்து பார்க்கல அக்கா. நான்தான்” என்று அழுதான். ஹபீபா பீவி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றும், வழக்கும் வரும் என்றும் அவர்தான் பிறகு சொன்னார்.

அது நியாயமில்லை. நான் நியாயம் தெரியாதவள் இல்லை. அதனால்தான் நானாகவே பஸ் ஏறி இங்கே வந்தேன். இர்வான்மீது ஒரு தவறும் இல்லை. அண்ணனைக் கொன்றது நான். கிறிஸ்டலுக்காகக் கொன்றேன்.

நேற்று அவளை நீங்கள் உள்ளே விட்டீர்கள். நன்றி. கறுப்பு உடையில் வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னேன். ஊசியைப் பற்றிச் சொன்னேன். குளிருது என்று அவர் சொன்னதைச் சொல்லவில்லை.

“அழாதம்மா” என்றேன். “இனி உன்னை யாரும் தொட மாட்டாங்க. உன் கிட்னி உன்கிட்டயே இருக்கு. டேரில கட்டிக்கிட்டு நல்லா இரு. அத்தைக்கு அது போதும்.”

அவள் அழவில்லை. தன் கையை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டாள். பின்னலில் விட்டுப்போன கண்ணியைத் தேடுவதுபோல் என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் கிட்னி அப்பாவுக்குப் பொருந்தாதுன்னு ரிசல்ட் வந்த அன்னிக்கே, நீங்க அந்த நூல வாங்குறதுக்கு முன்னாடியே, உங்ககிட்டதானே அத்தை முதல்ல வந்து சொன்னேன், ‘அப்பாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன், நீ வாயத் திறக்காத’ன்னு நீங்கதானே சொன்னீங்க?”